மணி அடித்ததால் விட்டுப்போன வரி

திருமுல்லைவாயில்
18.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். உன் தங்கை ஞானகுமாரி எழுதுகிறேன். மடத்துக் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நீயும் மதரும் மற்ற சகோதரிகளும் சுகமாக இருப்பீர்கள். இங்கேயும் சுகம் என்று ஒரே வரியில் முடித்துவிடத்தான் ஆசை, முடியவில்லை.

ரியா அப்பாவுக்கு வயிற்றில் புண்ணாம். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபத்தாறு வருஷம் பிரஸ் மெஷின் முன்னால் நின்ற முட்டி, வலிக்காமல் என்ன செய்யும்? மெடிக்கலில் கேட்டு வாங்கி, காலையில் ஒன்று, ஷிஃப்ட் முடிந்ததும் ஒன்று என்று வலி மாத்திரையை பிஸ்கட் மாதிரி தின்றிருக்கிறார். போன வாரம் நெஞ்சுக்குக் கீழே பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், இனி வலி மாத்திரையைக் கையால் தொடக் கூடாது என்று சொல்லி வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டு மாதம் விடாமல் போட்டுவிட்டு, திரும்பவும் குழாய் விட்டுப் பார்க்க வேண்டுமாம். நான் அழுதேன். "இன்னாமே, இதுக்குப் போயி அழுதுகினு கீற? புண்ணுதான, ஆறிடும்" என்கிறார்.

இன்னொரு பயம், ரியாவுக்கு. ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். போட்ட மூன்றாம் நாளிலிருந்து கறுப்பாகப் போகிறதாம். பன்னிரண்டாவது படிக்கிறவள், என்னிடம் சொல்லவே கூச்சப்பட்டாள். இது எதனால்?

நீ உள்ளே போன அன்று மதர் ஒரு சீட்டில் மடத்து நம்பரை எழுதித் தந்து, "சாவுச் செய்திக்கு மட்டும்" என்றார். ஆறு வருஷமாக அது என் போனில் இருக்கிறது. அதை அழுத்தும் நாள் வரவே கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். அதனால்தான் இந்தக் காலத்திலும் போஸ்ட் ஆபீஸில் கவர் வாங்குகிறேன். கௌண்டரில் இருப்பவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்.

எங்கள் மூவருக்காகவும் ஜெபித்துக்கொள்.

உன் தங்கை,
ஞானம்

•

ஜெபமடம், சிறுமலை அடிவாரம்
12.9.2024

சேசு, மரி, சூசை

அன்பு ஞானத்துக்கு,

அக்காவின் ஆசீர். உன் கடிதம் மாதத்தின் முதல் ஞாயிறன்று கைக்கு வந்தது. எனக்கு முதுகு வலியைத் தவிர ஒரு குறையும் இல்லை. இங்கே உருளைக்கிழங்குக்குப் பாத்தி கட்டுகிறோம். பதினாலு வருஷம் வார்டில் ஓடிய கால், இப்போது தோட்டத்தில் ஓடுகிறது.

அந்தோணித் தம்பியிடம் நான் சொன்னதாகச் சொல். வலி மாத்திரை சாப்பிட்டு வந்த புண் அது. அதை நிறுத்தி, டாக்டர் கொடுத்த மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் ஆறும். வலி தெரியவில்லை என்றால் புண் ஆறிவிட்டது என்று அர்த்தம் இல்லை. வலி நின்றதும் மாத்திரையை நிறுத்திவிட்டு, ஒரு மாதம் கழித்து ஸ்ட்ரெச்சரில் வந்த எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். வெறும் வயிற்றோடு ஷிஃப்டுக்குப் போகவேண்டாம். இரண்டாவது முறை குழாய் விட்டுப் பார்ப்பதைத் தள்ளிப்போட விடாதே.

மணிக்குப் பயந்து என் கையெழுத்தை முதலிலேயே கீழே போட்டு வைத்திருக்கிறேன், சிரிக்காதே. மணி அடித்தால் எழுதுகிற எழுத்தையும் பாதியில் விட்டு எழுந்திருக்க வேண்டும், கடிதம் விட்டது விட்டபடியே தபாலுக்குப் போகும் என்பது இங்கே ஒழுங்கு.

ரியா விஷயம். இரும்புச்சத்து உள்ளே போனால் மலம் கறுப்பாகத்தான் போகும். அது கெடுதல் இல்லை, பயப்படாதே. ஆனால் இதில் இன்னொன்றும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். மணி அடிக்கிறது

உன் அக்கா,
சகோ. அமலா

•

திருமுல்லைவாயில்
20.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். உருளைக்கிழங்கு நன்றாக வந்ததா? உன் முதுகுக்கு யாராவது தைலம் தேய்த்துவிடுகிறார்களா, இல்லை அதுவும் ஒழுங்குக்கு விரோதமா?

இங்கே நல்ல செய்தி. நான் ஆபீஸ் வேலை பார்க்கும் முகப்பேர் பள்ளிக்கூடத்தில் படிக்கும் ஒரு பிள்ளையின் அம்மா, நிஷா என்று பெயர், ஐ.டி. கம்பெனியில் இருக்கிறவள். ரியா அப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டு மூலிகை கேப்சூல் கொடுத்தாள். மூன்று டப்பா. பச்சை மூடி வயிற்றுக்கு, அதிமதுரமும் நெல்லியும். மஞ்சள் மூடி மூட்டு வலிக்கு, மஞ்சளும் பிரண்டையும் குங்கிலியமும். கறுப்பு மூடி ரத்த விருத்திக்கு, கரிசாலையும் அயச்செந்தூரமும். எல்லாம் நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியிலும் வேலியிலும் இருக்கிறதுதானே.

நீ நம்பமாட்டாய், இரண்டே நாளில் முட்டி வலி நின்றுவிட்டது. கோயில் படியில் கைப்பிடியைத் தொடாமல் ஏறினார். "ஞானம், பதினெட்டு வயசுப் பையன் மாதிரி கீறேன்" என்கிறார். வயிற்று எரிச்சலும் இல்லை. அவர் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று தெரியுமா? எனக்கு அது போதும்.

நீ எழுதியதைக் காட்டியதும் ரியாவுக்கு நிம்மதி. இப்போது தைரியமாக மாத்திரை போடுகிறாள்.

உன் தங்கை,
ஞானம்

•

ஜெபமடம், சிறுமலை அடிவாரம்
17.11.2024

சேசு, மரி, சூசை

அன்பு ஞானத்துக்கு,

ஆசீர். தைலம் தேய்த்துவிட ஆள் இருக்கிறது, கவலைப்படாதே. ஆனால் உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து ஜெபத்தில் மனம் நிற்கவில்லை. அதனால் உபசாரம் எல்லாம் பிறகு.

மூலிகை என்றால் கெடுதல் செய்யாது என்று உனக்கு யார் சொன்னது? ரசத்தில் போடும் மஞ்சளும், இறுக்கி கேப்சூலில் அடைத்த மஞ்சளும் ஒன்றல்ல. அது புண் இருக்கும் வயிற்றை எரிக்கும், ரத்தம் உறைவதையும் தாமதப்படுத்தும். அதிமதுரம் மாதக்கணக்கில் போனால் பிரஷரை ஏற்றும். எந்த மூலிகையானாலும் டப்பாவை எடுத்துக்கொண்டு போய் டாக்டர் மேசையில் வைத்து, இது இந்தப் புண்ணுக்கு ஆகுமா என்று கேட்ட பிறகுதான் வாயில் போட வேண்டும்.

எனக்கு உண்மையான பயம் மஞ்சள் மூடி டப்பாவில்தான். எந்த மூலிகையும் இரண்டு நாளில் இருபத்தாறு வருஷ வலியை நிறுத்தாது. அப்படி நின்றால், அதற்குள் வலி மாத்திரையைப் பொடித்துக் கலந்திருக்கலாம். அப்படிக் கலந்து விற்றதைச் சாப்பிட்டு வந்தவர்களை வார்டில் பார்த்தவள் நான். எதனால் புண் வந்ததோ அதையே மறுபடி புண்ணின் மேல் கொட்டுகிறோம் என்று நினைத்துப் பார். இன்றைக்கே நிறுத்து.

இரண்டாவது முறை குழாய் விட்டுப் பார்த்தார்களா? அதைப் பற்றி நீ எழுதவே இல்லை.

திருவருகைக் காலம் தொடங்குகிறது. கிறிஸ்துமஸ் வரை எங்களுக்குக் கடிதம் கொடுக்கமாட்டார்கள். தவக்காலத்திலும் அப்படித்தான், உனக்குத் தெரியும்.

உன் அக்கா,
சகோ. அமலா

•

திருமுல்லைவாயில்
5.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாழ்த்துகள். உனக்கும் மதருக்கும் கேக் அனுப்ப ஆசைதான். சிறுமலை வந்து சேர்வதற்குள் ரஸ்க் ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

நாங்கள் மூவரும் நலம். நீ சொன்னபடி மஞ்சள் மூடியைக் குறைத்துவிட்டோம். டாக்டர் மாத்திரையையும் தவறாமல் போடுகிறார். குழாய் விட்டுப் பார்ப்பதற்குத் தேதி கேட்டிருக்கிறோம். எரிச்சல் இல்லை, வலி இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறார். "சிஸ்டரக்காவுக்கு எல்லாத்துலயும் சந்தேகம். போலீஸ்ல சேந்துருக்கணும்" என்று சிரிக்கிறார்.

மார்ச் மாதம் பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பெரிய கூட்டம். அதில் இவரைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள். கோயிலில் முதல் வாசகம் வாசிக்கவே நடுங்குகிறவர், இப்போது கண்ணாடி முன் நின்று பேசிப் பார்க்கிறார்.

உன் தங்கை,
ஞானகுமாரி

•

ஜெபமடம், சிறுமலை அடிவாரம்
9.2.2025

சேசு, மரி, சூசை

அன்பு ஞானத்துக்கு,

ஆசீர். உன் கையெழுத்து இந்தத் தடவை கோடு போட்டது போல அழகாக இருக்கிறது. சின்ன வயதில் நீ பொய் எழுதும்போதுதான் எழுத்து இப்படி நேராக நிற்கும். ராங்க் கார்டில் அப்பா கையெழுத்தை நீ போட்டதை நான்தான் கண்டுபிடித்தேன், மறந்துவிட்டாயா?

யார் நடத்தும் கூட்டம்? எதற்கு அந்தோணித் தம்பி சாட்சி சொல்ல வேண்டும்? டாக்டர் மாத்திரையை நிஜமாகப் போடுகிறாரா? எந்தத் தேதியில் குழாய்ப் பரிசோதனை? இந்தக் கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுது. திட்டமாட்டேன்.

மார்ச் ஐந்தாம் தேதி சாம்பல் புதன். அதற்குப் பிறகு வரும் கடிதமெல்லாம் ஏப்ரல் இருபது, பாஸ்கா வரை மதரின் இழுப்பறையில் இருக்கும். அதற்கு முன் உன் பதில் எனக்கு வேண்டும்.

உன் அக்கா,
சகோ. அமலா

•

திருமுல்லைவாயில்
3.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். நீ சுகமாக இருப்பாய். உனக்கு உண்மையை எழுத எனக்கு மூன்று வாரம் ஆகியிருக்கிறது. புதன்கிழமைக்குள் இது வருமோ வராதோ.

அக்கா, கேப்சூலை நான் வாங்கவில்லை, விற்கிறேன். செப்டம்பரிலேயே சேர்ந்துவிட்டேன். கம்பெனிக்கு ஆரோக்கியக் குடும்பம் என்று பெயர். நிஷாவுக்கு மேல் உத்தமன் சார், நிஷாவுக்குக் கீழே நான், எனக்குக் கீழே முகப்பேரில் பதினொரு வீடு. ஆபீஸில் எல்லாரும் என்னை "ஞானம், ஜெராக்ஸ் எடு" என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே நான் மேடம். எனக்கு அது பிடித்திருந்தது.

டாக்டர் மாத்திரையை நவம்பரில் நிறுத்திவிட்டோம். கெமிக்கலும் மூலிகையும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று வெட்டும் என்று உத்தமன் சார் சொன்னார். குழாய்ப் பரிசோதனைக்கு நாங்கள் போகவே இல்லை. மஞ்சள் மூடியைக் குறைக்கவும் இல்லை. குறைத்தால் மறுநாளே முட்டி பிடித்துக்கொள்கிறது.

அந்தச் சாட்சி, வயிற்றுப்புண் கேப்சூலால் ஆறிவிட்டது என்று சொல்வதற்கு. அவர் என் புருஷன் இல்லையா, அவர் சொன்னால் ஜனங்கள் நம்புவார்கள்.

திட்டமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். திட்டு.

உன் தங்கை,
ஞானம்

•

திருமுல்லைவாயில்
17.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். நீ தவக்கால ஒடுக்கத்தில் இருக்கிறாய். இதை ஈஸ்டருக்குத்தான் படிப்பாய் என்று தெரியும். ஆனாலும் எழுதினால் உன்னிடம் கேட்டது போல இருக்கும்.

வெள்ளிக்கிழமையிலிருந்து அவருக்குக் கறுப்பாகப் போகிறது. நானாகக் கேட்கவில்லை, அவரே சொன்னார். "தார் ரோடு போட்ட மாதிரி கீதுமே, தண்ணி ஊத்துனாலும் போவல" என்றார். நிஷாவிடம் கேட்டேன். அவள் உத்தமன் சாருக்குப் போன் போட்டுக் கொடுத்தாள். "உடம்புல இருந்த கழிவெல்லாம் வெளியேறுதும்மா, நல்ல அடையாளம், நிறுத்திடாதீங்க" என்றார்.

ரியா போனில் தேடிப் பார்த்துவிட்டு, "ரத்தமா இருக்கலாம்னு போட்டிருக்கும்மா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றாள். நான் அவள்மேல் எரிந்து விழுந்தேன். "நெட்ல தலைவலிக்கும் கேன்சர்னுதான் போடுவான். உன் பெரியம்மா நர்ஸு, அவ கைப்பட எழுதிக் கொடுத்திருக்கா" என்று உன் செப்டம்பர் கடிதத்தை எடுத்துக் காட்டினேன். இரும்புச்சத்து உள்ளே போனால் கறுப்பாகத்தான் போகும், கெடுதல் இல்லை, பயப்படாதே. கறுப்பு மூடியில் அயச்செந்தூரம் இருக்கிறது, அது இரும்புதானே. அவள் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து என் கையிலேயே கொடுத்தாள்.

ஆனால் அக்கா, அதற்குக் கீழே, இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதிவிட்டு மணி அடிக்கிறது என்று விட்டிருக்கிறாய். இத்தனை நாள் அதை நான் கவனிக்கவே இல்லை. அது என்ன அக்கா?

போனில் உங்கள் நம்பரை எடுத்துப் பார்த்தேன். சாவுச் செய்திக்கு மட்டும் என்று மதர் சொன்னது காதில் கேட்கிறது. உயிரோடு ஹாலில் உட்கார்ந்து டிவி பார்க்கிற மனுஷனுக்காக அந்த நம்பரை எப்படி அழுத்துவேன்? சாவை வாய் விட்டுக் கேட்டது போல ஆகிவிடாதா?

உன் தங்கை,
ஞானம்

•

திருமுல்லைவாயில்
26.3.2025

அக்கா,

இயேசுவுக்குப் புகழ்.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொன்னார். வெள்ளைச் சட்டை. முகமும் சட்டை நிறத்தில் இருந்தது. மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டே பேசினார். "எனக்கு வயித்துல புண்ணு இருந்திச்சு. இப்ப இல்ல" என்றார். மண்டபமே கை தட்டியது. கீழே இறங்கும்போது படியில் உட்கார்ந்துவிட்டார். பசி மயக்கம் என்று உத்தமன் சார் ஜூஸ் கொடுத்தார். தவக்காலம் என்று வெள்ளிக்கிழமை ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி வேறு இருந்தார், அதனால் இருக்கும்.

மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று இப்போது நான்தான் சொல்கிறேன். அவர்தான், "இத்தினி பேர் முன்னாடி சரியாப் போச்சுன்னு சொல்லிட்டு, மறுவாரமே ஆஸ்பத்திரில படுத்தா உன் மானம் இன்னா ஆவறது? ஈஸ்டர் போவட்டும்" என்கிறார்.

என் மானமாம்.

இன்னும் கறுப்பாகத்தான் போகிறது. ஈஸ்டருக்கு இருபத்தைந்து நாள் இருக்கிறது. நீ விட்டுவிட்ட அந்த இன்னொன்று என்னவென்று எப்படியாவது எழுது.

ஞானம்

•

திருமுல்லைவாயில்
8.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி காலையில் அந்த நம்பரை அழுத்தினேன். மதர் எடுத்தார். உன்னிடம் சொல்லியிருப்பார்.

ஞாயிறு காலைப் பூசையில் காணிக்கைப் பாட்டின்போது எழுந்து வெளியே போனார். பின்னாலேயே போனேன். கோயில் சுவர் ஓரமாகக் காப்பித்தூள் கரைத்தது போல வாந்தி எடுத்தார், பிறகு சிவப்பாக. ஆட்டோவில் என் மடியில் படுத்துக்கொண்டு, "புடவை வீணாப் போச்சே ஞானம்" என்றார். அதுதான் கடைசி.

சாயந்திரம் வரை ரத்தம் ஏற்றினார்கள். ஏற்ற ஏற்ற வயிற்றுக்குள் கசிந்துகொண்டே இருந்தது. சின்ன வயது டாக்டர், கோபப்படக்கூட இல்லை. "எத்தனை நாளாக் கறுப்பாப் போச்சு?" என்று கேட்டார். பதினேழு நாள் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மாத்திரையை நிறுத்தியதால் புண் ஆறவே இல்லை, அதன்மேல் ஏதோ வலி மருந்தும் போயிருக்கிறது என்றார். மஞ்சள் மூடியில் என்ன இருந்தது என்று இதுவரை யாரும் சோதித்துச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். இரண்டு நாளில் வலி நின்றபோதே நீ எழுதினாய்.

ஆவடி கல்லறையில் வைத்தோம். ஏழாம் நாள் பூசையும் முடிந்தது. உத்தமன் சார் வரவில்லை, மாலை அனுப்பியிருந்தார். ரியா என்னோடு பேசுவதில்லை. பரீட்சை எழுதிவிட்டாள், எப்படி எழுதினாள் என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. உன் செப்டம்பர் கடிதத்தை அவள் தன் பையில் வைத்திருக்கிறாள். நான் கேட்டேன், தரவில்லை.

எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். முதல் நாளே கூட்டிப்போயிருந்தால் பிழைத்திருப்பாரா? நீ நர்ஸ். ஆறுதல் சொல்லாமல் பதில் சொல்.

ஞானகுமாரி

•

ஜெபமடம், சிறுமலை அடிவாரம்
21.4.2025, பாஸ்கா திங்கள்

சேசு, மரி, சூசை

என் ஞானத்துக்கு,

உனக்கும் ரியாவுக்கும் ஆசீர் சொல்ல எனக்கு அருகதை இருக்கிறதா என்று தெரியவில்லை. உடம்பு எப்படி என்று கேட்கவும் வெட்கமாக இருக்கிறது. நேற்று மதியம் உன் நான்கு கடிதங்களையும் மதர் கையில் கொடுத்தார். தேதிப்படி அடுக்கிப் படித்தேன்.

நீ கேட்டதற்கு முதலில் பதில். முதல் நாளே போயிருந்தால் அநேகமாகப் பிழைத்திருப்பார். குழாய் விட்டே ரத்தக் கசிவை அடைத்திருப்பார்கள். நீ ஆறுதல் வேண்டாம் என்றாய், அதனால் எழுதுகிறேன்.

இப்போது உனக்குத் தெரியாதது ஒன்று. மார்ச் இருபத்தொன்று, வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்து வரும்போது மதர் என்னை நடையில் நிறுத்தினார். "உங்க வீட்லேர்ந்து ரெண்டு கவர் வந்திருக்கு சிஸ்டர். நோயாளி இருக்கிற வீடு. ஒழுங்கைப் பாக்க வேணாம், இப்பவே வாங்கிக்கிறீங்களா?" என்று கேட்டார். நான், "பாஸ்காவுக்கே வாங்கிக்கிறேன் மதர்" என்றேன். அவர் மறுபடியும் கேட்டார். மறுபடியும் வேண்டாம் என்றேன். ஒழுங்கை மீறாத சகோதரி என்று மதர் நினைக்க வேண்டும் என்ற ஆசை. இன்னொரு காரணமும் உண்டு. உன் பதில் மோசமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைப் படிக்காமல் இருக்க ஒழுங்கு ஒரு சாக்கு. அன்று படித்திருந்தால் மதர் அந்த நிமிஷமே உனக்குப் போன் போட்டிருப்பார். ஒன்பது நாள் மிச்சம் இருந்தது.

நீ மேடம் ஆக ஆசைப்பட்டாய். நான் புனிதை ஆக ஆசைப்பட்டேன். நடுவில் அவர் போய்விட்டார்.

அடுத்து, நான் விட்டுவிட்ட வரி. நவம்பரில் உன்னைத் திட்டுகிற அவசரத்தில் அதை மறந்தே போனேன். இப்போது மணி அடித்துக்கொண்டிருக்கிறது, நான் எழுந்திருக்கப்போவதில்லை. இதுதான் அது:

இரும்பினால் கறுத்தால் மலம் எப்போதும் போல உருவாகப் போகும். தார் போலப் பளபளத்து, ஒட்டிக்கொண்டு, தாங்க முடியாத நாற்றத்தோடு போனால் அது வயிற்றுக்குள் கசிகிற ரத்தம். வயிற்றில் புண் உள்ளவருக்குக் கறுப்பாகப் போனால், இரும்பா ரத்தமா என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

முகப்பேரில் உனக்குக் கீழே பதினொரு வீடு என்று எழுதியிருக்கிறாய். அந்த வீடுகளுக்கு இந்த வரி தெரியாது.

என்னை மன்னிப்பாயா என்று கேட்கிறேன். பதில் எழுதாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

உன் அக்கா,
அமலா

•

திருமுல்லைவாயில்
18.5.2025

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. இரண்டு தடவை அடுப்பில் போடப் போனேன். நீ உள்ளே கைகூப்பி உட்கார்ந்திருந்த அதே தவக்காலத்தில்தான் நான் ரியாவுக்கு உன் கையெழுத்தைக் காட்டி அவள் வாயை அடைத்துக்கொண்டிருந்தேன். உன்மேல் இருக்கும் கோபத்தை என்மேல் இருக்கும் கோபத்திலிருந்து பிரிக்கத் தெரியவில்லை. நீ ஆறுதல் சொல்லாமல் பதில் எழுதியதற்கு மட்டும் நன்றி.

ரியாவிடம் உன் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு உன் வரியை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்தாள். மேசையில் வைத்துவிட்டுப் போனாள். பதினொரு தாள் இருந்தது.

ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினேன். டப்பா விற்கக் கதவைத் தட்டிய அதே கை. மலம் என்ன நிறத்தில் போகிறது என்று கேட்டால் யார் உட்காரச் சொல்வார்கள்? ஒருத்தி முகத்தின் முன் கதவைச் சாத்தினாள். நிஷா, "உங்க துக்கத்துல ஏதேதோ பேசுறீங்க அக்கா" என்றாள். உத்தமன் போனில் மிரட்டினான். இனி அவனுக்கு சார் கிடையாது.

ஒன்பதாவது வீடு, ஹவுசிங் போர்டு ஃபிளாட்டில் மூன்றாவது மாடி. ரகுநாதன் என்று எழுபது வயதுக்காரர், மாமியார் வீட்டு மாப்பிள்ளை போல எப்போதும் இஸ்திரி போட்ட சட்டையில் இருப்பார். அவருக்கு நான்தான் மஞ்சள் மூடி விற்றேன். மருமகள் தாளைப் படித்துவிட்டுச் சிரித்தாள். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் இறங்கி வந்து கேட் அருகே செருப்பு வாரைச் சரி செய்துகொண்டிருந்தேன். அவர் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார்.

"அம்மா, எனக்கு அஞ்சு நாளா அப்டித்தான் போவுது. மருமவகிட்ட எப்டிச் சொல்றது, வெக்கமா இருந்துச்சு" என்றார்.

மேலே போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்றார். வேண்டாம் என்று அங்கேயே ஆட்டோவை நிறுத்தி ஏற்றினேன். வழியிலேயே மகனுக்குப் போன் போட்டேன். அன்றைக்கே குழாய் விட்டு அடைத்துவிட்டார்கள். நேற்றுப் போய்ப் பார்த்தேன், கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அவர் கஞ்சி குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷம் வரும் என்று நினைத்தேன், வயிற்றெரிச்சல்தான் வந்தது. அந்த ஆட்டோ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர இருபது நிமிஷம் ஆயிற்று. எங்கள் வீட்டிலிருந்தும் இருபது நிமிஷம்தான்.

இன்னும் இரண்டு வீடு பாக்கி. ஒன்று பூட்டியிருந்தது, ஒன்றில் ஊருக்குப் போயிருக்கிறார்கள். நாளை ரியாவும் வருகிறேன் என்றாள். ஏழு வாரத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

மன்னிப்பாயா என்று கேட்டிருந்தாய். இப்போதைக்குத் தெரியவில்லை. மதரை விசாரித்ததாகச் சொல். முதுகைப் பார்த்துக்கொள்.

அடுத்த தவக்காலத்திலும் நான் எழுதுவேன். மதர் கேட்டால் வாங்கிக்கொள்.

ஞானம்